பஞ்சாட்சரத்தின் கோர்வை செட்

பிள்ளையார்பாளையம் பஞ்சாட்சரம் எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் கொடுத்த வகையில். கொடுத்தது நான், வாங்கியது அவன். சாட்சி என்று பார்த்தால் அவன் பெண்சாதி வடிவாம்பாள் அடுப்படியிலிருந்து பார்த்த ஒரு பார்வைதான்.

எங்கள் ஒலி அமைப்பாளர் சங்கத்து மலருக்கு, நம் தொழிலோடு பழகிய ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. சாதாரணம் என்றால் பஞ்சாட்சரத்தை விடச் சாதாரணமான ஆளை நான் பார்த்ததில்லை. ஆகவே அவனையே எழுதுகிறேன்.

எழுதுகிறவன் யார் என்று தெரிந்தால்தான் எழுத்துக்கு மரியாதை. கூரத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரம் ஏறிக் கட்டியவன் நான். கோதண்டபாணி என்ற பெயரை ஊரே மறந்து 'மைக் செட் கோதண்டம்' என்றுதான் கூப்பிடுகிறது. இன்று இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர், ஏனாத்தூர் ரோட்டில் மாடி வீடு. பெரிய படிப்புப் படித்தவர்களும் என் மைக்குக்கு முன்னால் நின்று "ஹலோ, ஹலோ" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஹலோ கடைசி வரிசைக்குக் கேட்பதும் கேட்காததும் என் விரலில் இருக்கிறது. இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கரண்ட் அடித்து அடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பஞ்சாட்சரம் பட்டு நெய்கிற குடும்பம். அப்பா நெய்தார், தாத்தா நெய்தார், இவனும் நெய்கிறான். இதில் அவனுடைய சாமர்த்தியம் என்று ஒன்றுமில்லை, பிறந்ததோடு சரி. ஆனால் கை நல்ல கை. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா என்று குறுக்கு நூல் ஓட்டுகிற கட்டையைத் தனித்தனியாக ஓட்டி, சேருகிற இடத்தில் நூலோடு நூலைக் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். பஞ்சாட்சரம் கோர்த்த இடம் எந்தக் காலத்திலும் பிரியாது என்று கூட்டுறவுச் சங்கத்திலேயே சொல்வார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். தறியில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவன் புத்திசாலி. எழுந்துவிட்டால் அந்தப் புத்தி தறிக்குழியிலேயே தங்கிவிடும்.

அவன் அப்பா போனபோது அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டான், தம்பி ரொக்கத்தை எடுத்துக்கொண்டான். இவன் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? வால்வு ரேடியோ! அதுவும் பேசாத ரேடியோ. அதைத் தூக்கிக்கொண்டு பெண்சாதியோடு வாடகை வீட்டுக்குப் போனான். அங்கே தறி போட்டு, நெய்து, ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, எப்படியோ அந்த வீட்டையே வாங்கியும் விட்டான். அது வடிவாம்பாளின் கெட்டிக்காரத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். இவனிடம் விட்டிருந்தால் வீட்டுக்குப் பதில் வால்வாக வாங்கி அடுக்கியிருப்பான்.

மூடிப்போன டூரிங் கொட்டகை ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, நாற்காலிக்குப் போட்டி, மின்விசிறிக்குப் போட்டி. யாரும் சீந்தாத வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றைப் பஞ்சாட்சரம் எடுத்து வந்தான். வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி என் கடையில் வைத்தான்.

"அண்ணா, இது பாடுமா?"

பிரித்துப் பார்த்தேன். பெட்டியின் முன்பாதி, அதாவது சின்னச் சத்தத்தை வாங்கிப் பக்குவம் பண்ணுகிற பாகம், நன்றாகவே இருந்தது. வால்வுகள் சிவப்பாக எரிந்தன. ஸ்பீக்கரைத் தள்ளுகிற பின்பாதி மட்டும் டிரான்ஸ்ஃபார்மரோடு வெந்து கரியாகியிருந்தது.

"பின்னாடி செத்துப்போச்சு. முன்னாடி வால்வு, பின்னாடி டிரான்சிஸ்டர் போட்டுத் தரேன். வால்வு இனிப்பாக் குடுக்கும், டிரான்சிஸ்டர் பலமாத் தள்ளும்" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. அவன் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தான். முழு வால்வு இல்லாத செட்டில் பாட்டுக் கேட்பது பாவம் என்று நினைக்கிற கூட்டம் அது. அதில் பாதிப் பேர் வீட்டில் செட்டே இல்லை என்பது வேறு விஷயம்.

"கலப்படம் ஆயிடாதாணா?"

"உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்குன்னு நீ நெய்யறியே, அது கலப்படமா?"

சரியென்று தலையாட்டினான். அன்று வீட்டுக்குப் போய்த் தனியாக யோசித்திருக்கிறான். யோசிக்கிற ஆளா அவன்? வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அப்போது எனக்குத் தெரியாது.

நான் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் நானே கையால் செய்தது. அவன் வீட்டில் தறிக்கு இந்தப் பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில் வால்வுப் பெட்டி. எதிர்ச் சுவரோரம் என் ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும். நடுவில் ஒரு ஒயர். சுவிட்சைப் போட்டேன்.

'உம்ம்ம்ம்' என்றது.

"இன்னாணா இது, எருமை முக்கினு இருக்கிற மாதிரி இருக்குது?"

"பாட்டு வெச்சா தெரியாதுப்பா."

"பாட்டு நின்னா தெரியுதே."

வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள். "பதினெட்டாயிரம் குடுத்து உம்மு வாங்கினது இந்த ஊர்லயே எங்க வூட்டுக்காரர்தான்."

"இன்னும் குடுக்கல" என்றான் பஞ்சாட்சரம்.

"அதத்தாம்மா நானும் சொல்லிக்கினு இருக்கிறேன்" என்றேன் நான்.

அவன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "உம்மு நின்னாத்தான் பணம்ணா. பணம் பீரோவுல ரெடியா இருக்குது. நீங்க நிறுத்துங்க, நான் எண்ணித் தரேன்."

ஒயரை மாற்றினேன். வால்வை மாற்றினேன். கண்டென்சர்களைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அது பாட்டுக்கு உம்மென்றது. எர்த் கோளாறோ என்று ஒரு சந்தேகம் வந்து, "வூட்டுல எர்த் ஒழுங்கா இருக்குதா?" என்று கேட்டேன். "பிரமாதமா இருக்குதுணா" என்றான். இரண்டு பெட்டியும் எதிரெதிர்ச் சுவர் பாயிண்டில் இருந்தன. ஒரு வீட்டில் எத்தனை பாயிண்ட் இருந்தாலும் எர்த் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். மனிதன் வாழ்கிற வீடாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

அதற்குள் விஷயம் எங்கள் சங்கத்துக்குப் போய்விட்டது. ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில், என்னிடம் சாலிடர் வைக்கக் கற்றுக்கொண்ட பயல் ஒருவன், "இன்னா மாமா, உம்முனு இருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பதினெட்டாயிரம் மட்டும் போவதென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது பெயரோடு போகிற பணம். கையில் வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வேல்முருகன் என்று ஒருவன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். ஆடியோ ஆலோசகராம். ஆலோசனைக்கு ஆயிரத்தைந்நூறு. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று பார்த்தேன். திறந்தான்.

"சவுண்டுக்குப் பின்னாடி இருக்கிற இருட்டு பத்தல சார்."

"லைட்ட அணைக்கட்டுமா?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் பஞ்சாட்சரத்திடமே பேசினான். "செம்பு ஒயர் போட்டிருக்கீங்க. வால்வையும் டிரான்சிஸ்டரையும் சேர்க்கணும்னா வெள்ளி ஒயர்தான் சார். உம்மு போயிடும். ஜோடி நாப்பதாயிரம், குரூப் மெம்பருக்கு முப்பத்தெட்டு."

"செட்டே பதினெட்டாயிரம்தாம்பா" என்றேன்.

"பெரியவரே, நீங்க மைக் செட். இது ஆடியோ."

காபி குடித்துவிட்டுப் போனான். ஆயிரத்தைந்நூறைப் பஞ்சாட்சரம் உடனே எடுத்துக் கொடுத்தான். என் பணம் பீரோவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறு வாரம் பிரதோஷத்தன்று சாயங்காலம் போன் வந்தது. "அண்ணா, சீக்கிரம் வாங்க. செட்டு செத்துப்போச்சு. உம்மு கூட வரல."

போனேன். வடிவாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். பஞ்சாட்சரம் தறிப்பலகையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வால்வு எரிகிறது, ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. நடுவில் என் ஒயரைக் காணோம். அதற்குப் பதில் சிவப்புப் பட்டில் உறை போட்டு அழகாகப் பின்னிய ஒன்று கிடந்தது.

"இது இன்னாய்யா, அரைஞாண் கயிறா?"

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "வெள்ளிணா. நானே பின்னினது."

"வெள்ளிக்கு எங்க போனே?"

"ஜரிகைதாணா. அசல் ஜரிகையில பட்டு நூலு மேல வெள்ளிக் கம்பிதானே சுத்தியிருக்குது? நாப்பதாயிரம் எதுக்குக் குடுக்கணும்னு..."

சென்னைக்காரன் சொன்னதைக் கேட்டது ஒரு முட்டாள்தனம். ஜரிகையை எடுத்து ஒயர் பின்னியது அதற்கும் மேலே. உலகத்தில் வேறு எந்த ஊரில் எவனுக்கு இது தோன்றும்? அது எந்த ஜரிகை என்று கேட்டபோதுதான் எனக்கே பகீரென்றது. மகள் மஹாலட்சுமியின் கல்யாணப் புடவைக்கு வாங்கி வைத்த ஜரிகை. முகூர்த்தப் புடவையை அப்பன் கையால் நெய்யப் போகிறான். நல்ல நாள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று வடிவாம்பாள் அதைப் பீரோவில் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். விலை இருபத்தெட்டாயிரம்.

"மேல இருக்கிற ரீலைத் தொடலணா. அடியில இருக்கிறதுல எடுத்தேன். அவளுக்குத் தெரியாது."

திருடிப் பின்னி முடிக்கிற வரைக்கும் கண் வாசலில் இருந்திருக்கிறது, கையில் இல்லை. இல்லாவிட்டால் இத்தனை வருஷம் ஜரிகை ஓட்டிய விரலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் போக வழியிருந்தால் கத்துகிற மீட்டரை நான் பையிலிருந்து எடுத்து அந்த ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தேன். கத்தவில்லை.

"உங்க மீட்டரு ரிப்பேர்ணா."

என் வேன் சாவியில் வைத்தேன். 'பீ' என்று கத்தியது. மறுபடி அவன் வெள்ளியில் வைத்தேன். சாமி சத்தியமாக ஒரு முனகல் கூட இல்லை.

"இதுல வெள்ளியும் இல்ல, செம்பும் இல்ல. தீப்பெட்டி கொண்டா."

ஒரு இழையைக் கொளுத்தினான். சுருண்டு, கறுத்து, சொட்டாக உருகியது. பஞ்சாட்சரம் அந்தச் சொட்டையே பார்த்தான். பிறகு பீரோவைத் திறந்து மேலே இருந்த ரீலை எடுத்து நகத்தால் சுரண்டினான். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. மீட்டர் கத்தியது. அது அசல். அதற்கு அடுத்ததைச் சுரண்டினான். வெள்ளை. அதற்கும் அடுத்தது, அதுவும் வெள்ளை.

மேலே ஒரு ரீல் மட்டும் வெள்ளி. கீழே இருந்ததெல்லாம் பிளாஸ்டிக்.

"யார் கிட்ட வாங்கினே?"

"உதயகுமார்ணா. வடிவோட சித்தப்பா மகன். அக்கா வூட்டுக் கல்யாணம், லாபமே வெக்கலன்னு சொன்னான். மேல இருந்தத மட்டும் அவனே சுரண்டிக் காட்டினான். சொந்தக்காரன் குடுக்கறப்போ மீதியையும் சுரண்டிப் பாத்தா நல்லா இருக்குமா?"

நன்றாகவே இருந்திருக்கும். இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் சொந்தக்காரன் முன்னால் அவன் ஜரிகையைச் சுரண்டுவதும் அவன் தாய் தகப்பனைச் சந்தேகப்படுவதும் ஒன்று. உதயகுமார் வியாபாரம் செய்தது அந்த மரியாதையை வைத்துத்தான்.

வாசலில் செருப்புச் சத்தம். நெற்றி நிறைய விபூதியோடு வடிவாம்பாள் உள்ளே வந்தாள்.

"இன்னா நாத்தம் இது? கேரி பேக்கு கொளுத்தினீங்களா?"

 அவள் பார்வை தறிப்பலகையில் கிடந்த ரீல்களுக்குப் போனது. அங்கிருந்து சிவப்பு ஒயருக்கு. அங்கிருந்து புருஷன் முகத்துக்கு.

"கல்யாண ஜரிகைய..."

"வடிவு, செட்டுக்கு ஒரு ஒயரு..."

"பொண்ணு புடவை ஜரிகைய எடுத்து இந்த எருமைக்கு மூக்கணாங்கயிறு திரிச்சீங்களா?"

"அம்மா" என்றேன், "அவன அப்பறம் திட்டு, நானும் கூட நின்னு திட்றேன். மொதல்ல இந்த ரீலப் பாரு."

அவள் ஜரிகை சுற்றி வளர்ந்தவள். மீட்டரெல்லாம் அவளுக்கு வேண்டாம். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. சத்தம் போடுவாள் என்று பார்த்தால்,  ரீல்களையும் சிவப்பு ஒயரையும் மஞ்சள் பையில் போட்டாள்.

"அண்ணா, உங்க வேன் இருக்குதா?"

உதயகுமாரின் கடையில் நல்ல கூட்டம். அவன் முதலில் சிரித்தான். "இன்னாக்கா, உக்காரு, கலர் சாப்பிடுறியா?" பையைக் கொட்டியதும் சிரிப்புப் போய்விட்டது. "இது என் கடை சரக்கே இல்லக்கா. மாமா எங்கயாவது மாத்தியிருப்பாரு."

பஞ்சாட்சரம் ஜரிகை மாற்றுகிற ஆளாம். அவனுக்கு மாற்றத் தெரிந்தது ஒயர் ஒன்றுதான்.

 வடிவாம்பாள் வாசலில் நின்ற என் வேனைத் திரும்பிப் பார்த்தாள். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், விளம்பரத்துக்குக் கட்டியது.

"அண்ணா, அந்த மைக்கக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. தெருவுல நாலு பேருக்கு ஜரிகை எப்படிச் சுரண்டிப் பாக்கறதுன்னு சொல்லிட்டு வரேன்."

நான் மைக்கை எடுத்து விரலால் தட்டினேன். 'டொக் டொக்' என்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது. என் ஸ்பீக்கரின் தரம் அப்படி. கடையில் புடவைக்கு ஜரிகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். உதயகுமார் கல்லாவைத் திறந்தான். இருபத்தெட்டாயிரம், ஒரு ரூபாய் குறையாமல். நான் எத்தனையோ பொதுக்கூட்டத்துக்கு மைக் வைத்தவன். ஒருவரும் பேசாமலே வெற்றி பெற்ற கூட்டம் அது ஒன்றுதான்.

வண்டியில் திரும்பும்போது பஞ்சாட்சரம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் வடிவாம்பாளிடம் நாசூக்காக ஆரம்பித்தேன்.

"எம்மா, என் மீட்டரு இல்லன்னா..."

"தெரியுதுணா. ஆனா இது ஜரிகைப் பணம். நாளைக்கே கூட்டுறவுச் சங்கத்துல போயி அசல் வாங்கணும். உங்க பணம் பீரோவுல தனியா இருக்குது. உம்மு நிக்கட்டும்."

புருஷனைத் திட்டினாலும் புருஷன் சொன்ன கணக்கை விட்டுக்கொடுக்க மாட்டாளாம். இப்படி ஒரு குடும்பம்.

ஆனால் எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செத்த ஒயரைப் போட்டபோது உம்மும் சேர்ந்து செத்ததே, அது எப்படி? ஆம்ப்ளிஃபயர் தனியாக உம் கொடுக்கவில்லை என்றால், இரண்டு பெட்டியும் ஒயரில் கைகோர்த்த பிறகுதான் கோளாறு வருகிறது. வீட்டுக்குள் போனதும் என் பழைய ஒயரை மாட்டினேன். உம். கழற்றினேன். அமைதி.

"பஞ்சாட்சரம், உண்மையச் சொல்லு. இந்த ரெண்டு பாயிண்ட்டும் எப்பப் போட்டது?"

அவன் முகத்தில், அத்தனை அவமானத்துக்கு நடுவிலும், ஒரு பெருமை வந்தது.

"செட்டு வர்றதுக்கு முன்னாடி தனியா லைன் இழுத்தேன்ணா. கோர்வையில உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. ஒரே நாடாவுல ஓட்டினா நிறம் கலந்துடும். அதான் வால்வுக்கு ஒரு லைனு, டிரான்சிஸ்டருக்கு ஒரு லைனு. எர்த்தும் அப்படித்தான். வாசல்ல ஒரு பள்ளம், புழக்கடையில ஒரு பள்ளம்."

"இத யாரு சொன்னது உனக்கு?"

"நானே யோசிச்சேன்."

"அதான் தெரியுதே! எர்த்து பிரமாதமா இருக்குதுன்னு சொன்னியே?"

"ரெண்டு இருக்குதேணா. பிரமாதம்தானே?"

நான் வந்து சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டுமா, மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டுமா? இரண்டு பள்ளத்து மண்ணும் ஒரே மட்டத்தில் நிற்காது. அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் நடுவில் இருக்கிற ஒயர் வழியாக ஓடும். ஓடுகிறதுதான் உம். வெள்ளி ஒயர் போட்டாலும் ஓடும், தங்க ஒயர் போட்டாலும் ஓடும். இதை அவன் பாஷையில் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று கேட்டேன்:

"யோவ், நாடா ரெண்டுதான். தறி எத்தனை? உடலுக்கு ஒரு தறி, கரைக்கு ஒரு தறின்னு போட்டு நெய்வியா?"

 வடிவாம்பாள் முதல் தடவையாகச் சிரித்தாள். "நெய்வாருண்ணா, விட்டா நெய்வாரு."

ஆம்ப்ளிஃபயர் இருந்த சுவரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை இழுத்து, வால்வுப் பெட்டியின் பிளக்கையும் அதிலேயே சொருகினேன். ஒயரை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். வால்வு மெல்லச் சிவந்தது.

உம் இல்லை.

பஞ்சாட்சரம் வால்யூமை முழுக்கத் திருகிவிட்டு, பாக்ஸில் காதை ஒட்டி வைத்தான். "உஸ்ஸுன்னு ஒண்ணு வருதேணா?"

"அது வால்வோட மூச்சு. அதையும் நிறுத்தணும்னா ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படு."

நாகஸ்வரம் ஒன்றைப் போட்டான். வாசிக்கிறவர் சீவாளியில் வாய் வைக்கிற ஈரம் கூடக் கேட்டது. நான் செய்த செட், கேட்காமல் என்ன செய்யும்? பஞ்சாட்சரம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துகொண்டான். இனி அந்த ஆளிடம் பேசிப் பயனில்லை. நான் வடிவாம்பாளைப் பார்த்தேன்.

அவள் பீரோவைத் திறந்து, துணியில் முடிந்திருந்ததை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நான் கையை நீட்டினேன். சாலிடர் சுட்ட தழும்பெல்லாம் அந்த உள்ளங்கையில்தான் இருக்கிறது.

"கவர்ல போட்டுக் குடுக்கட்டுமாணா?"

"வேணாம்மா. எண்ணியே வெய்யி."

எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, நாகஸ்வரத்துக்கு மேல் குரல் எடுத்து எண்ணி வைத்தாள். பதினெட்டாயிரம் முடிகிற வரைக்கும் நான் விரலை மடக்கவில்லை.